குனிந்தால் குற்றமாம்!

எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்த எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும். யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. காற்று முகத்தில் அறைய ஆரம்பித்ததும் முதுகு தானாகக் குனியும், முழங்கை தானாக மடங்கும், தலை ஹேண்டில்பாரை நோக்கி இறங்கும். பத்து வயதுப் பையனுக்கே தெரிந்த இந்த ஏரோடைனமிக்ஸை ஒரு அமைப்பு பல வருஷமாகத் துரத்தித் துரத்தித் தடை செய்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் யு.சி.ஐ. உலகம் முழுக்க நடக்கும் சைக்கிள் பந்தயங்களுக்குச் சட்டம் போடும் சர்வதேச சம்மேளனம்.

"ஊர்ல எவ்வளவோ பிரச்சினை இருக்கு, ஐரோப்பாக்காரன் சைக்கிள்ல எப்படி உக்காந்தா உனக்கென்னடா?" என்று எங்கள் கிளாஸில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இது வெறும் சைக்கிள் சண்டை இல்லை மக்களே. யோசித்து ஜெயிப்பவனுக்கும் காசு கொட்டி ஜெயிப்பவனுக்கும் நடுவில் நடுவர் யார் பக்கம் நிற்கிறார் என்கிற சண்டை. அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

முதலில் கொஞ்சம் கணக்கு

(ஃபிசிக்ஸ் என்றால் அலர்ஜி உள்ளவர்கள் அடுத்த தலைப்புக்குத் தாவலாம்.)

சமதளத்தில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் பந்தய வீரர் எதை எதிர்த்து மிதிக்கிறார்? டயர் உராய்வு, செயின் உராய்வு எல்லாம் சேர்த்தும் சின்னப் பங்குதான். செலவாகும் சக்தியில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் காற்றைத் தள்ளவே போய்விடும். அதிலும் வேகம் கூடக் கூட நிலைமை மோசம். காற்றை எதிர்க்கத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 20 கி.மீ. வேகத்திலிருந்து 40க்குப் போக இரண்டு மடங்கு அல்ல, எட்டு மடங்கு சக்தி வேண்டும்.

சரி, காற்றைத் தடுப்பது எது? சைக்கிளா, ஆளா? கடையில் மின்னும் கார்பன் ஃபிரேமைப் பார்த்தால் எல்லாம் அதில்தான் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் மொத்தக் காற்றுத் தடையில் சுமார் முக்கால் பங்கு ஓட்டுபவரின் உடம்பு. தோள், தலை, கை, தொடை. மிச்சக் கால் பங்குதான் சைக்கிள்.

காற்றுத் தடையை 'சிடிஏ' என்ற ஒரே எண்ணில் அளக்கிறார்கள். உருவம் காற்றில் எவ்வளவு வழுக்குகிறது என்பதையும் முன்பக்கப் பரப்பையும் பெருக்கி வரும் எண் அது. பிரேக் லீவரின் மேல்பகுதியைப் பிடித்து, கையை நேராக நீட்டி, சாவகாசமாக ஓட்டுபவருக்கு 0.36 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆள், அதே சைக்கிள், அதே பிடி. முழங்கையை மட்டும் செங்கோணத்துக்கு மடக்கி, முன்கையைத் தரைக்கு இணையாக வைத்து, தலையைத் தாழ்த்தினால் 0.30 வரை இறங்கலாம். 40 கி.மீ. வேகத்தில் காற்றுக்கு மட்டும் முதலாமவருக்குத் தேவை சுமார் 296 வாட். இரண்டாமவருக்கு 247 வாட். கிட்டத்தட்ட 50 வாட் லாபம். செலவு? பூஜ்ஜியம். கொஞ்சம் முதுகு வலி, அவ்வளவுதான்.

"அப்படியானால் எல்லோரும் மூக்கு தரையில் இடிக்கும் வரை குனிய வேண்டியதுதானே?" முடியாது. ரொம்பக் குனிந்தால் தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவே இடம் சுருங்கும், மூச்சு முட்டும், காலில் வரும் சக்தியும் குறையும். எவ்வளவு குனிந்தும் சக்தி குறையாமல் மிதிக்கலாம், எத்தனை நேரம் அப்படியே தாங்கலாம் என்பது ஒவ்வொரு உடம்புக்கும் வேறு. அதைக் கண்டுபிடிப்பதும் பழகுவதும் பயிற்சி. விளையாட்டு என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதேதான்.

எட்டு விநாடிக் கதை

1989 டூர் டி பிரான்ஸ். கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கி.மீ. டைம் ட்ரையல். அதாவது ஒவ்வொருவராகத் தனியாகக் கடிகாரத்தை எதிர்த்து ஓட்டுவது. பிரெஞ்சு வீரர் லோரான் ஃபின்யோன் 50 விநாடி முன்னிலையில் இருந்தார். அவர் சைக்கிளில் முன்னும் பின்னும் டிஸ்க் சக்கரம். அந்தக் காலத்தின் உயர்தரச் சரக்கு. அமெரிக்கர் கிரெக் லெமாண்டுக்குப் பின்னால் மட்டும் டிஸ்க். ஆனால் அவர் ஹேண்டில்பாரில் முன்னால் நீட்டிக்கொண்டு ஒரு வளைந்த குழாய். டிரையத்லான்காரர்கள் பயன்படுத்தி வந்த சமாச்சாரம். பனிச்சறுக்குப் பயிற்சியாளராக இருந்த பூன் லென்னன் என்பவரின் யோசனை. முழங்கையை அதில் ஊன்றி, இரண்டு கையையும் முன்னால் சேர்த்து வைத்தால், தோள் குறுகிப் பனிச்சறுக்கு வீரரைப் போல உருவம் கூர்மையாகிவிடும்.

லெமாண்ட் அன்று ஃபின்யோனை விட 58 விநாடி வேகமாக வந்தார். மூன்று வாரம் ஓடிய பந்தயத்தை 8 விநாடியில் ஜெயித்தார். ஃபின்யோன் தலைமுடியைக் குதிரைவால் போட்டு, ஹெல்மெட் இல்லாமல் வந்தார் என்பதும் உண்மை. ஆனால் சக்கரத்தில் பணம் போட்டவர் தோற்று, உட்காரும் விதத்தை மாற்றியவர் ஜெயித்த கதை இது. இந்த ஒரு குழாயை மட்டும் யு.சி.ஐ. விட்டுவைத்தது. இன்றும் டைம் ட்ரையலில் எல்லோரும் அதைத்தான் பிடிக்கிறார்கள். மற்றதெல்லாம் தலைகீழ்.

தடைகளின் வரலாறு

ஆரம்பம் ரொம்பப் பழையது. 1933ல் பிரான்சில் ஃபிரான்சிஸ் ஃபோர் என்பவர், முதல் வரிசை வீரர்கூட அல்ல, படுத்துக்கொண்டே மிதிக்கும் சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. ஓட்டினார். 1914 முதல் நின்றிருந்த ஆஸ்கர் எக்கின் 44.247 கி.மீ. சாதனை போயே போச்சு. அடுத்த வருஷமே யு.சி.ஐ. உட்கார்ந்து கேட்டது: "இது சைக்கிளா?" இல்லை என்று முடிவு செய்தது. படுத்து ஓட்டும் சைக்கிள் பந்தய உலகத்திலிருந்து வெளியே தள்ளப்பட்டது. சரி, அது வேறு இயந்திரம் என்று ஒரு வாதம் இருக்கிறது, விட்டுவிடுவோம்.

ஆனால் கிரேம் ஓப்ரியை எப்படி விடுவது?

ஸ்காட்லாந்துக்காரர். சைக்கிள் கடை வைத்து நொடித்துப் போனவர். பெரிய டீம் கிடையாது. தானே ஒரு சைக்கிள் செய்தார். அதில் வாஷிங் மெஷின் பேரிங் இருந்தது. கால்கள் நெருக்கமாகச் சுற்றுவதற்காக நடுப்பகுதியைக் குறுக்கினார். முழங்கால் இடிக்காமல் இருக்க, சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் போகும் பாரையே எடுத்துவிட்டார். எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் அவர் உட்கார்ந்த விதம். கைகளை மடக்கி மார்புக்கு அடியில் ஒடுக்கி, முட்டை மாதிரி உருண்டு முன்னால் சாய்ந்து ஓட்டினார். காற்றுக்குக் கை என்று ஒன்று இருப்பதே தெரியாது.

1993 ஜூலை 17, நார்வேயின் ஹமார். முந்தைய நாள் முயன்று தோற்றவர், மறுநாள் காலையே திரும்ப வந்து 51.596 கி.மீ. ஓட்டி, 1984 முதல் பிரான்செஸ்கோ மோசர் வைத்திருந்த 51.151 கி.மீ. சாதனையை உடைத்தார். மோசர் ஓட்டியது கடல்மட்டத்துக்கு 2,200 மீட்டருக்கும் மேலே உள்ள மெக்சிகோ சிட்டியில். அங்கே காற்று மெலிசு. ஓப்ரிக்கு அந்தச் சலுகைகூட இல்லை. ஆறே நாளில் இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மேன் அதை 52.270 ஆக்கினார். 1994 ஏப்ரலில் ஓப்ரி 52.713 ஓட்டித் திரும்பப் பிடுங்கினார்.

அடுத்த மாதம் தடை வந்தது. கைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இடைவெளி தெரிய வேண்டுமாம்! 1994 ஆகஸ்டில் சிசிலியின் பலெர்மோவில் உலக சாம்பியன்ஷிப். இந்த முறையில் ஓட்டக் கூடாது என்று போட்டிக்குச் சற்று முன்னால்தான் ஓப்ரியிடம் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை, தன் பாணியிலேயே ஓட்டினார். தகுதி நீக்கம்.

மனுஷன் உட்கார்ந்து அழவில்லை. அடுத்ததாக, கைகளை முன்னால் முழுசாக நீட்டி சூப்பர்மேன் பறப்பது போல ஒரு நிலையைக் கண்டுபிடித்தார். 1995ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் அதே நிலையில் உலக சாம்பியன் ஆனார். 1996ல் போர்ட்மேன் அந்த நிலையைக் கடன் வாங்கி மான்செஸ்டரில் 56.375 கி.மீ. ஓட்டினார். அதோடு சூப்பர்மேனுக்கும் தடை!

இதன் பிறகு நடந்ததுதான் உச்சக்கட்டக் காமெடி. 2000ல் யு.சி.ஐ. கடிகாரத்தையே பின்னால் திருப்பியது. எடி மெர்க்ஸ் 1972ல் ஓட்டிய 49.431 கி.மீ.தான் உண்மையான சாதனை, அவர் ஓட்டியது போன்ற சைக்கிளில் அவரைப் போல உட்கார்ந்து ஓட்டுபவர்கள் மட்டும் வாருங்கள் என்றது. மோசர், ஓப்ரி, இந்துரைன், ரோமிங்கர், போர்ட்மேன் எல்லோருடைய தூரமும் 'சிறந்த மனித முயற்சி' என்ற தனி டப்பாவில் போடப்பட்டது. அந்த வருஷம் போர்ட்மேன் பழைய பாணி சைக்கிளில் ஓட்டி மெர்க்ஸைத் தாண்டினார். எவ்வளவு தூரம்? 10 மீட்டர். 2014ல் யு.சி.ஐ. மறுபடியும் மனம் மாறி நவீன சைக்கிளை அனுமதித்தது. ஆனால் ஓப்ரியின் நிலைகளை அல்ல. நவீன ஃபிரேம் ஓகே, நவீன உடம்பு நாட் ஓகே :-)

போர்ட்மேனின் 56.375ஐ ஒருவர் தாண்டியது 2022 அக்டோபரில். இத்தாலியின் ஃபிலிப்போ கானா, 56.792 கி.மீ. அவர் ஓட்டியது 3டி பிரின்டிங்கில் செய்த சைக்கிள். கானாவின் கால்பலத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, அசுரன் அவர். ஆனால் 26 வருஷத் தொழில்நுட்பமும் பணமும் சேர்ந்துதான், கையை நீட்டி வைத்த ஒரு யோசனையைப் பிடிக்க முடிந்தது.

மனிதனா, இயந்திரமா?

1996 அக்டோபரில் யு.சி.ஐ. 'லுகானோ சாசனம்' என்று ஒன்றை வெளியிட்டது. அதன் சாரம்: சைக்கிள் பந்தயத்தில் இயந்திரத்தை விட மனிதனே முதன்மை. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! நானும் கை தட்டுகிறேன்.

ஆனால் ஒரு நிமிஷம். மனிதன் முதன்மை என்றால், மனிதன் தன் உடம்பை எப்படி வைத்துக்கொள்கிறான் என்பதற்குத்தானே அதிக சுதந்திரம் தர வேண்டும்? கட்டுப்பாடெல்லாம் இயந்திரத்துக்குத்தானே வர வேண்டும்? நடப்பது நேர் எதிர். சைக்கிள் எடை 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதி இருக்கிறது. விலைக்கு வரம்பு உண்டா? இல்லை. மேல்தட்டுப் பந்தய சைக்கிள் இன்று பத்து லட்சம் ரூபாயைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. காற்றுச் சுரங்கத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம், தடையில்லை. ஃபிரேம் குழாய்கள் எவ்வளவு தட்டையாக இருக்கலாம் என்பதற்கு 3:1 என்று ஒரு விகிதம் வைத்திருந்தார்கள். 2021 வாக்கில் அதையும் தளர்த்திவிட்டார்கள். கம்பெனிகளுக்குக் கொண்டாட்டம்.

அதே 2021ல்தான், ஏப்ரல் 1 முதல் (தேதியை கவனிக்கவும்!), இரண்டு உடல் நிலைகளைத் தடை செய்தார்கள். ஒன்று சூப்பர் டக். இறக்கத்தில் சீட்டை விட்டு இறங்கி, நம்மூரில் தம்பி தங்கையை உட்கார வைத்துக் கூட்டிப்போகும் அந்த பாரில் உட்கார்ந்து, நெஞ்சை ஹேண்டிலோடு ஒட்டுவது. கிறிஸ் ஃப்ரூம் 2016 டூரில் பெய்ரசூர்த் மலை இறக்கத்தில் அப்படியே மிதித்துக்கொண்டே போய் ஜெயித்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். இன்னொன்று, சமதளத்தில் முன்கைகளை ஹேண்டில்பார் மேல் சாய்த்து வைத்து ஓட்டுவது. இரண்டுமே காசில்லாமல் கிடைக்கும் வேகம்.

தடை வந்த அதே மாதம் லியேஜ்-பஸ்தோன்-லியேஜ் பந்தயத்தில் ஈக்வடாரின் ரிச்சர்ட் கரபாஸ் தாக்குதல் நடத்தி முன்னால் போனார். பாரில் உட்கார்ந்தார். முடிவில் தகுதி நீக்கம். மூன்று மாதம் கழித்து டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர் இதே கரபாஸ். சைக்கிள் ஓட்டத் தெரியாதவர் இல்லை.

"பாதுகாப்புக்காகத்தானே?"

இதுதான் எல்லோரும் எடுத்து வீசும் துருப்புச் சீட்டு. பாதுகாப்பு விதியே கூடாது என்று சொல்லும் முட்டாள் நான் இல்லை. 2003 மார்ச்சில் பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் ஆந்த்ரே கிவிலெவ் விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். அதன் பிறகு ஹெல்மெட் கட்டாயமானது. நல்ல விதி. காரணம் கண்முன்னே இருந்தது, தீர்வும் அதற்கு நேராக இருந்தது.

2021 தடைக்கு முந்தைய ஆகஸ்டில் என்ன நடந்தது? டூர் ஆஃப் போலந்தின் முதல் நாள், கடோவிட்சேவில், இறக்கமான சாலையில் ஸ்பிரின்ட் முடிவை வைத்திருந்தார்கள். மணிக்கு 80 கி.மீ. அளவு வேகம். ஃபாபியோ யாகப்சன் தடுப்புகளில் மோதி, தடுப்புகள் சிதறிப் பறந்து, அவர் உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். இடித்த டிலன் குரோனவேகனுக்கு ஒன்பது மாதத் தடை. இறக்கத்தில் முடிவுக்கோட்டை வைத்தது யார்? அதற்கு அனுமதி தந்தது யார்? அந்தக் கேள்விகள் சூடாக இருந்த நேரத்தில்தான் பாதுகாப்புத் திட்டம் வந்தது. நியாயமாகச் சொன்னால் அதில் தடுப்புகளின் தரம் பற்றியும் இருந்தது. ஆனால் பாரில் உட்காருவதற்கும் கடோவிட்சேவுக்கும் என்ன சம்பந்தம்? தடுப்புகளைச் சரி செய்யப் பணமும் ஆளும் வேண்டும். வீரரின் இடுப்பைத் தடை செய்ய ஒரு காகிதம் போதும்.

முன்கையைச் சாய்த்தால் கை பிரேக்கிலிருந்து தள்ளிப் போகிறது, கூட்டத்தில் ஆபத்து என்கிறார்கள். சரி, கூட்டத்துக்கு நடுவில் தடை செய்யுங்கள். நூறு பேரை விட்டுவிட்டுத் தனியாக முன்னால் போகிறவருக்கு ஏன்? அவர் யார் மேல் விழப்போகிறார்? டைம் ட்ரையலில் இதே கை பிரேக்கிலிருந்து தள்ளித்தானே இருக்கிறது? அங்கே மட்டும் ஆபத்து லீவு போட்டுவிடுமா?

ஒரு கதவை மூடினால்...

காற்று இருக்கிற வரை வீரர்கள் குறுகத்தான் பார்ப்பார்கள். முன்கையைத் தடை செய்ததும் என்ன ஆனது? ஹேண்டில்பாரைக் குறுக்கினார்கள். பிரேக் லீவர்களை உள்பக்கம் திருப்பி வைத்தார்கள். உடனே 2024ல் லீவர் சாய்வுக்கு 10 டிகிரி வரம்பு. பிறகு ஹேண்டில்பார் அகலம். 2026 ஜனவரி 1 முதல் சாலைப் பந்தயங்களில் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை குறைந்தது 400 மி.மீ. இருக்க வேண்டும். இரண்டு லீவருக்கும் நடுவே 320 மி.மீ. என்று முதலில் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் 280 ஆக இறக்கினார்கள். ஆரம்பத்திலேயே அளந்து பார்த்திருந்தால் இந்த 40 மி.மீ. எங்கிருந்து வந்தது?

இதில் அடிபடுவது யார்? ஆறடி உயர ஆணுக்கு 400 மி.மீ. ஒரு பொருட்டே இல்லை. ஐந்தடி உயரமும் ஒடுங்கிய தோளும் உள்ள பெண்ணுக்கு அது அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி. கை விரிகிறது, நெஞ்சு காற்றுக்குத் திறக்கிறது, பிடியும் வசதியாக இல்லை. பாதுகாப்பு என்ற பெயரில் வந்த விதி, சின்ன உடம்புக்காரருக்குக் கட்டுப்பாட்டையே குறைக்கிறது. இத்தனைக்கும் ஆளின் உயரத்துக்கு ஏற்ப விதி போட யு.சி.ஐ.க்குத் தெரியாமல் இல்லை. டைம் ட்ரையல் ஹேண்டில் நீட்சிக்கு 2023 முதல் உயரத்தை வைத்து மூன்று பிரிவுகள் வைத்திருக்கிறார்கள். அங்கே முடிகிறது, இங்கே ஏன் முடியாது?

நியாயத்துக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சக்கர ரிம் உயரத்துக்கும் இப்போது 65 மி.மீ. வரம்பு வந்திருக்கிறது. அதாவது இயந்திரத்தையும் தொடுகிறார்கள். ஆனால் ரிம்மைக் குறைத்தால் கம்பெனி புது ரிம் விற்கும். ஒருவர் வருஷக்கணக்கில் பழகிய உடல் நிலையைப் பறித்தால் அவர் எங்கே போய் வாங்குவார்?

உயரம் தாண்டுதலைப் பாருங்கள்

1968 மெக்சிகோ ஒலிம்பிக். டிக் ஃபாஸ்பரி என்ற அமெரிக்கர் கம்பிக்கு முதுகைக் காட்டி மல்லாந்து தாண்டினார். அதுவரை உலகத் தரத்தில் இப்படித் தாண்டி ஜெயித்தவர் இல்லை. பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவர் 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். தடகள சம்மேளனம் "கம்பிக்கும் முதுகுக்கும் நடுவே இடைவெளி" என்று விதி போடவில்லை. இன்று உலகமே அப்படித்தான் தாண்டுகிறது. ஓப்ரி தடகளத்தில் பிறந்திருந்தால் அவர் பெயரிலும் ஒரு பாணி இருந்திருக்கும். சைக்கிளில் பிறந்ததால் அவருக்குக் கிடைத்தது ஒரு சினிமாவும் (2006ல் வந்தது) இரண்டு தடையும்.

கடைசியாக நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை.

1. ஒரு உடல் நிலையைத் தடை செய்தால், அதனால் எத்தனை விபத்து நடந்தது என்ற கணக்கை வெளியிடுங்கள். கணக்கு இல்லையா, தடையும் இல்லை.

2. அளவு விதி போட்டால் ஆளின் உடம்புக்கு ஏற்பப் போடுங்கள். ஒரே அளவு எல்லோருக்கும் என்பது சமத்துவம் அல்ல, சோம்பேறித்தனம்.

3. கூட்டத்துக்கு ஒரு விதி, தனியாகப் போகிறவருக்கு ஒரு விதி என்று பிரியுங்கள்.

4. கட்டுப்படுத்தியே ஆக வேண்டும் என்று கை அரித்தால், விலையில் ஆரம்பியுங்கள்.

இறக்கத்தில் பாரில் உட்காருவதை ஜூனியர் பந்தயங்களில் தடை செய்தே வைத்திருங்கள், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் அடுத்த ஓப்ரி எங்கேயோ ஒரு கொட்டகையில் பழைய பேரிங்கை வைத்துக்கொண்டு, காற்றை எப்படி ஏமாற்றலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பார். அவரிடம் காசு இருக்காது, உடம்பும் மூளையும்தான் இருக்கும். அந்த இரண்டையும் வைத்து ஜெயிக்க முடியாது என்றால் இதற்கு எதற்கு சைக்கிள் பந்தயம் என்று பெயர்? ஃபிரேம் கண்காட்சி என்று வைத்துவிட்டுப் போகலாமே.

எதிர்க்கருத்து இருந்தால் தாராளமாகச் சண்டைக்கு வாருங்கள். கணக்கோடு வந்தால் இன்னும் சந்தோஷம்.

பி.கு: இதைப் படித்துவிட்டு யாரும் மேம்பாலத்திலிருந்து பாரில் உட்கார்ந்து இறங்கிப் பார்க்க வேண்டாம். ஃப்ரூமுக்கு ரோட்டை அடைத்துக் கொடுத்தார்கள். உங்களுக்கு எதிரே மாநகரப் பேருந்து வரும்.